கழுத்துதான் கிட்டார்

என் பட்டறையின் மூலையில், ஒரு காலத்தில் அம்மாவின் புடவைகள் இருந்த பழைய இரும்பு பீரோ ஒன்று நிற்கிறது. இப்போது அதன் தட்டுகளில் மூன்றடி நீள மரக்கட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடையில் மெல்லிய ரீப்பர் துண்டுகள் வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிகிறது; கதவின் உட்புறத்தில் ஈரப்பதமானி தொங்குகிறது. ஒவ்வொரு கட்டையின் முனையிலும் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதி வைப்பது என் வழக்கம். முன்வரிசையில் இருக்கும் மகாகனிக் கட்டையில் 1,412 கிராம், 1,371, 1,352, 1,349 என்று நான்கு மாதக் கணக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார்களைக் கையால் செய்யத் தொடங்கிய இந்தப் பதினொரு ஆண்டுகளில், பதினேழு கிட்டார்களுக்குப் பிறகு, எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் எது என்று யாராவது கேட்டால் அந்தப் பென்சில் எண்களைத்தான் காட்டுவேன்.

நான் அடிப்படையில் டூல் ரூம் ஃபிட்டர். அம்பத்தூர்ப் பக்கம் அச்சுகள் செய்து பழகிய கை. அரமும் மைக்ரோமீட்டரும் தெரியும், மரம் தெரியாது. என் தம்பி மகன் கல்லூரியில் கிட்டார் வாசிக்கத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் ராக் குழுவான குவீனின் கிட்டார்க் கலைஞர் பிரையன் மே 1963இல் பள்ளி மாணவராக இருந்த காலத்தில், மின்னணுவியல் அறிந்த தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டாரைச் செய்யத் தொடங்கிய கதையை அவன்தான் சொன்னான். பழைய கணப்படுப்பு ஒன்றின் மேற்சட்டமாக இருந்த மகாகனி மரத்தில் கழுத்து, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகளில் சுருதியை அசைக்கும் ட்ரெமோலோ பொறி என்று கிடைத்ததைக் கொண்டு செய்த அந்தக் கிட்டாரையே அவர் பிற்பாடு உலக மேடைகளில் வாசித்தார். "பெரியப்பா, உங்க கையால முடியாதா?" என்று அவன் கேட்ட கேள்விதான் தொடக்கம்.

முதல் கிட்டாருக்கு, இடித்த வீடுகளின் மரங்களை விற்கும் கடையிலிருந்து பர்மா தேக்கு உத்தரத் துண்டுகளை வாங்கி வந்தேன். எண்பது ஆண்டு காய்ந்த மரம், வைரம் பாய்ந்த மரம், இதைவிட உயர்ந்தது உண்டா என்ற நம்பிக்கை. செய்து முடித்துத் தராசில் வைத்தபோது 5.1 கிலோ இருந்தது. தோளில் மாட்டி நின்று வாசிக்கும் ஒரு கருவி மூன்றரையிலிருந்து நான்கு கிலோவுக்குள் இருந்தால்தான் இரண்டு மணி நேரக் கச்சேரிக்குத் தாங்கும். அதைவிடக் கசப்பான செய்தி, இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒட்டிய நடுமூட்டு ஆறு மாதத்தில் தலைமுடி அகலத்துக்குப் பிளந்துகொண்டது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. இழைத்த பரப்பில் அது சில மணி நேரத்திலேயே மேலெழும்பிப் பசையைப் பிடிக்கவிடாது. இழைத்த உடனே, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் காலம் கடத்தாமல் ஒட்டிவிட வேண்டும். தோதகத்தி போன்ற பிற எண்ணெய் மரங்களுக்கும் இதே முறைதான். இன்று உடலுக்கு நான் பெரும்பாலும் சந்தன வேம்பையோ, எடை பார்த்துப் பொறுக்கிய மகாகனியையோ பயன்படுத்துகிறேன். தேக்கை மேற்பரப்பில் ஒட்டும் மெல்லிய பலகையாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மரத்தின் பெயர்தான் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைத் தீர்மானிக்கிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். என் அனுபவம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் கட்டமைப்பு, அது தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, தந்தியின் தடிமன், ஆம்ப்ளிஃபையர் ஆகியவை செய்யும் வேறுபாட்டின் முன் உடல் மரம் செய்யும் வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் மரம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. மரம் வடிவத்தைக் காக்க வேண்டும்; அதுதான் அதன் தலையாய வேலை. வடிவம் காக்கப்பட வேண்டிய இடம் உடலைவிடக் கழுத்து.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். பத்தாம் எண் என்று வழங்கும் மெல்லிய தந்தித் தொகுப்பை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அதாவது, இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே மிஞ்சிய தடிமனுள்ள ஒரு மரச்சட்டத்தின்மேல், ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் எடை ஆண்டுக்கணக்கில் இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையிலும், தந்திக்கும் மெட்டுக்கும் இடைப்பட்ட இடைவெளி கால் மில்லிமீட்டர் மாறினால்கூட வாசிப்பவர் விரல் கண்டுபிடித்துவிடும். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்று கிட்டார்க்காரர்கள் சொல்கிறார்கள், வீணைக்காரர்கள் மெட்டு என்கிறார்கள். அழகான சொல், நான் அதையே எழுதுகிறேன்.

இரண்டாவது கிட்டாரின் கழுத்து இந்தச் சோதனையில் தோற்றது. மர மில்லில் நேராக இருந்த ஒரு கட்டையைப் பார்த்து வாங்கி, அந்த வாரமே அறுத்து, செதுக்கி, மெட்டு பதித்துத் தந்தியும் கட்டிவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மேலிருந்து கீழாக நோக்கியபோது, தலைப்பக்கத்து மெட்டும் உடல்பக்கத்து மெட்டும் ஒரே தளத்தில் இல்லை. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. கழுத்தின் உள்ளே ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராடு என்று பெயர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாடியஸ் மெக்ஹியூ காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது; முனையில் உள்ள திருகைத் திருப்பினால் தந்தி இழுத்த வளைவை எதிர்த்து நிமிர்த்தும். ஆனால் அந்தக் கம்பி முன்பின் வளைவை மட்டுமே திருத்தும். முறுக்கலை அதனால் தொடக்கூட முடியாது. ஒரு வார உழைப்பை அப்படியே கழற்றி வைக்க வேண்டியதாயிற்று.

கழற்ற முடிந்ததே என்பதுதான் ஆறுதல். 1950இல் லியோ ஃபெண்டர், பிற்பாடு டெலிகாஸ்டர் என்று பெயர்பெற்ற தன் கிட்டாரில், கழுத்தைத் தனியாகச் செய்து நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்தார். அவர் ரேடியோ பழுதுபார்த்து வந்தவர், கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொள்ளாதவர். பழுதானதைக் கழற்றி மாற்றும் பணிமனைக்காரரின் சிந்தனை அது. 1952இல் கிப்சன் வெளியிட்ட லெஸ் பால் மாதிரியில் பழைய மரபுப்படி கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டும் நல்ல முறைகளே. இருந்தாலும், முதல் சில கிட்டார்களைச் செய்பவர்கள் திருகாணி முறையையே பின்பற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். கெட்டுப்போவது கழுத்தாகத்தான் இருக்கும். உடலும் மின்வேலையும் தப்பிக்கும்.

முறுக்கிய கழுத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனேன். வீணை செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினால் காரணம் தெரியும் என்று ஒரு நண்பர் அனுப்பி வைத்தார். அவர் அதை வாங்கி, முனையில் தெரிந்த வளையக் கோடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்; பிறகு முகர்ந்தார்.

"தம்பி, எத்தனை நாள் வச்சிருந்தீங்க?"

"ஒரு வாரம், ஐயா."

"பலாமரத்த அறுத்துக் கொண்டாந்தா, குடம் தோண்டுறதுக்கு முன்னாடியும் வைப்போம், தோண்டுனதுக்கு அப்புறமும் வைப்போம். ஒவ்வொரு தடவ உளி பட்டாலும் மரம் புரண்டு படுக்கும். அது அடங்குற வரைக்கும் தொடக்கூடாது."

அந்தச் சொல் என் வேலை முறையையே மாற்றியது. மரம் காய்வது ஒன்று. வெட்டப்பட்டபின் அடங்குவது வேறொன்று. ஒரு கட்டைக்குள் இழைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடி சமநிலையில் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் பாதியை வெட்டி எடுத்தால் அந்தச் சமநிலை குலைந்து மீதிப்பகுதி புதிய வடிவத்தைத் தேடுகிறது. ஆகவே இப்போது கழுத்தை ஒரே மூச்சில் செதுக்குவதில்லை. முதலில் எல்லாப் பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அறுத்து, பீரோவில் இரண்டு வாரம் வைக்கிறேன். எடுத்து இழைத்து மட்டமாக்கி, ட்ரஸ் ராடுக்கான காடியை வெட்டி, மீண்டும் ஒரு வாரம். மெட்டுகள் பதியும் விரற்பலகையை ஒட்டிய பிறகு ஒரு வாரம். பின்புற வளைவைச் செதுக்கி, இறுதி அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து இன்னொரு வாரம். ஒவ்வொரு முறையும் எஃகு மட்டக்கோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது, அசைய நினைத்த மரம் அசைந்து முடித்திருக்கும். அந்த அசைவை அடுத்த இழைப்பில் எடுத்துவிடலாம்.

மரம் காய்ந்துவிட்டதா என்பதை அறிய, ஊசி குத்தும் ஈரமானியைவிடச் சமையலறைத் தராசை நம்புகிறேன். ஊசி மேல்தோலின் ஈரத்தைச் சொல்கிறது. தராசு முழுக் கட்டையின் ஈரத்தைச் சொல்கிறது. மாதம் ஒரு முறை நிறுத்து, அடுத்தடுத்த இரண்டு எடைகளுக்கு இடையே வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்று ஆகும்வரை காத்திருந்தால் போதும். பீரோவும் பல்பும் எதற்கென்றால், சென்னைக் காற்றில் மரத்தை எத்தனை ஆண்டு வைத்தாலும் அது சென்னைக் காற்றின் ஈரத்துக்குக் கீழே காயாது. இதை நான் ஆறாவது கிட்டாரில் கற்றேன்.

அந்தக் கிட்டாரை வாங்கியவர் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணியாற்றுபவர். நாள் முழுவதும் ஏசி ஓடும் அறை. இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, "கழுத்தோட ஓரம் கையக் கிழிக்குதுங்க, ரம்பம் மாதிரி இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். விரற்பலகையின் இருபுறமும் இருபத்திரண்டு மெட்டுகளின் முனைகளும் மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உலோகம் வளரவில்லை; ஏசி அறையின் உலர்ந்த காற்றில் மரம் ஈரத்தை இழந்து அகலத்தில் சுருங்கியிருந்தது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.15 மி.மீ., அதாவது இரண்டு தலைமுடித் தடிமன். அளவில் ஒன்றுமில்லை, விரலுக்கு அது முள்வேலி. முனைகளை அரத்தால் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன், ஆனால் பிழை அரத்தில் இல்லை, நான் மரத்தைப் பட்டறைக் காற்றோடு சமன்படுத்தியதில் இருந்தது. அன்றிலிருந்து கழுத்து மரங்கள் அனைத்தும் ஈரப்பதம் 50 விழுக்காட்டைச் சுற்றி நிற்கும் பீரோவுக்குள்தான் வாழ்கின்றன. கடற்கரை ஊர்களில் இந்த வேலையைச் செய்பவர்கள் மரம் குடையும் ரூட்டரோ மரம் அறுக்கும் பேண்ட்சாவோ வாங்குவதற்கு முன் இப்படி ஒரு பெட்டியைச் செய்துகொள்ளட்டும்.

கழுத்தின் கட்டமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கட்டையில் கழுத்து செய்யலாம். பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. கையில் கிடைக்கும் மரம் நிச்சயமில்லாத நிலையில், மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி, ரேகைகள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும்படி ஒட்டுவதே பாதுகாப்பானது. ஒரு பட்டை வலப்பக்கம் திரும்ப நினைத்தால் அடுத்தது இடப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் விரற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்திருக்கக் கூடாது. இந்த முறையில் செய்த பதினான்கு கழுத்துகளில் ஒன்றுகூட இதுவரை முறுக்கவில்லை.

விரற்பலகைக்கு நம் தோதகத்தி மரம்தான். ஈட்டி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரத்தை உலகெங்கும் உள்ள கிட்டார்த் தொழிற்சாலைகள் நெடுங்காலமாக விரற்பலகைக்குப் பயன்படுத்தி வருகின்றன என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. அடர்த்தியும் இயற்கை எண்ணெயும் இருப்பதால், மேலே எந்தப் பூச்சும் இல்லாமலே விரல் வியர்வையைத் தாங்கும். தமிழ்நாட்டில் இம்மரத்தை வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே ரசீது இல்லாத துண்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதில்லை. பன்னாட்டு அளவில் 2017 ஜனவரியில் இந்தப் பேரினத்து மரங்கள் அனைத்தும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் செய்து முடித்த பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து கிட்டார் கேட்பவர் இருந்தால் இந்த வேறுபாடு முக்கியம், ஏனெனில் கிட்டாராக அனுப்பலாமே தவிர, பலகையாக அனுப்புவது அதே எளிமையில் நடக்காது. இம்மரத்தின் தூள் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஒவ்வாதது. உப்புத்தாள் போடும்போது துணி கட்டிக்கொண்டால் போதாது. நல்ல முகக்கவசம் வேண்டும். முதல் இரண்டு ஆண்டு நான் அலட்சியமாக இருந்ததன் பலனாக, இன்றும் தோதகத்தித் தூள் பட்டால் என் முன்கையில் தடிப்பு எழுகிறது.

மெட்டுகளுக்கு வருவோம். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உட்காருகின்றன. செய்பவர் மீட்டிக் கேட்டு, காதால் ஒவ்வொன்றையும் நகர்த்தி நிறுத்துகிறார். கிட்டாரில் மெட்டு மரத்துக்குள் அறையப்படுகிறது. ஒரு முறை பள்ளம் வெட்டிவிட்டால் திருத்த வழியில்லை. ஆகவே காதின் வேலையைக் கணக்கு செய்கிறது. தந்தியின் அதிரும் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம். மிஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. ஃபெண்டர் அளவான 648 மி.மீ. நீளத்தில் முதல் மெட்டு 36.37 மி.மீட்டரில் வரும், இரண்டாவது 70.70இல், பன்னிரண்டாவது சரிபாதியில், அதாவது 324இல். வானியலாளர் கலிலியோவின் தந்தையும் லூட் வாத்தியக் கலைஞருமான வின்செஞ்சோ கலிலேய் பதினாறாம் நூற்றாண்டில் இதற்குப் பதினெட்டு என்ற முழு எண்ணைப் பரிந்துரைத்தார். பதினெட்டால் வகுத்தால் பன்னிரண்டாம் மெட்டு இரண்டே கால் மில்லிமீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும். தந்தியை அழுத்தும்போது சுருதி சற்று ஏறும் என்பதால் அந்தக் காலத்து வாத்தியத்தில் அது ஓரளவு ஈடானது.

என் முதல் கிட்டாரில் நான் செய்த பிழை எண்ணில் இல்லை, அளந்த விதத்தில் இருந்தது. முதல் மெட்டைக் குறித்தேன். அதிலிருந்து இரண்டாவதை, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை என்று தொடர்ந்தேன். பென்சில் கோட்டின் தடிமனால் ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. குறைந்தது. பன்னிரண்டாம் மெட்டுக்கு வரும்போது குறைவு 2.4 மி.மீ. ஆகியிருந்தது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் பதின்மூன்று பங்கு சுருதி பிசகும் அளவு அது. பழகாத காதுக்கும் அபசுரம் என்று தெரியும். டூல் ரூமில் முப்பது துளைகளைக் குறிக்கும்போது ஒரே விளிம்பிலிருந்துதான் எல்லாவற்றையும் அளப்போம். மரத்தைக் கண்டதும் அந்தப் பாடத்தை மறந்துபோனேன். இப்போது எஃகு அளவுகோலை நட் எனப்படும் எலும்புத் தடுப்பின் விளிம்பில் ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டு, அதை நகர்த்தாமலே இருபத்திரண்டு இடங்களையும் கூர்க்கத்தியால் கீறுகிறேன். பென்சிலைத் தொடுவதில்லை. கத்திக் கீறலில் ரம்பத்தின் பல் தானாக விழுந்து உட்காரும். மேலே போகப்போக எச்சரிக்கை கூட வேண்டும்: முதல் மெட்டில் 0.3 மி.மீ. பிழை காதுக்கே எட்டாது, இருபதாம் மெட்டில் அதே பிழை மூன்று மடங்கு உறுத்தும். இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே மொத்த இடைவெளியே 10.8 மி.மீ.தான்.

மெட்டுக் கம்பி நிக்கல், செம்பு, துத்தநாகக் கலவை. நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்கிறோம், வெள்ளி அதில் இல்லை. அறைந்து முடித்த பிறகு எல்லா மெட்டுகளின் உச்சியிலும் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசி, தட்டையான எஃகுச் சட்டத்தில் ஒட்டிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். எந்த மெட்டில் மை போகிறதோ அது உயரமானது. எதில் தங்குகிறதோ அது தாழ்ந்தது. கடைசி மையும் மறையும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும், ஒரு தேய்ப்புகூடக் கூடுதலாக வேண்டாம். பிறகு தட்டையாகிப்போன ஒவ்வோர் உச்சியையும் அரத்தால் மீண்டும் வட்டமாக்கி, நடுவில் நூலளவு மை மட்டும் மிஞ்சும்படி விட வேண்டும். ஒரு முழு நாள் பிடிக்கும் இந்த வேலையை அவசரப்படுத்தியவர் செய்த கிட்டாரை, வாசித்த முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம்.

உடல் வேலை இதோடு ஒப்பிட்டால் எளிது. 45 மி.மீ. தடிமன் பலகை, எம்.டி.எஃப். அட்டையில் செய்த படிமம், ரூட்டர். ரூட்டர் முனை மரத்தின் குறுக்கு ரேகையைச் சந்திக்கும் கொம்புப் பகுதிகளில் பெருஞ்சில்லாகப் பெயர்த்துவிடும். ஆகவே ஒரு முறைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல் பல சுற்றாக வெட்டுங்கள். கழுத்து உட்காரும் குழியில் மட்டும் தாராளம் கூடாது. கழுத்தைக் குழிக்குள் செருகி, திருகாணி எதுவும் போடாமல், கழுத்தை மட்டும் பிடித்துக் கிட்டாரைத் தூக்கினால் உடல் விழாமல் கூடவே வர வேண்டும். அதுதான் அளவு.

உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் துளைகளைக் கழுத்து பொருந்திய பிறகே போட வேண்டும், வரைபடத்தில் எந்த இடம் இருந்தாலும் சரி. நட்டின் இரு ஓரங்களிலிருந்தும் கறுப்பு நூல் கட்டி பிரிட்ஜ் வரை இழுத்துப் பிடித்தால், வெளித்தந்திகள் இரண்டும் விரற்பலகையின் ஓரங்களிலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று கண்ணாலேயே தெரியும். கொத்தனார் நூல் பிடிக்கும் அதே உத்திதான். நீளவாக்கில், மெல்லிய தந்தியின் சேடில், அதாவது பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும் நகரும் துண்டு, 648 கோட்டில் நிற்கும்போது அதற்குப் பின்னால் நகர இடம் மிச்சம் இருக்க வேண்டும், ஏனெனில் தடித்த தந்திகளின் சேடில்கள் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் பின்னுக்குப் போனால்தான் சுருதி சேரும். நான்காவது கிட்டாரில் சேடில்களை முழுவதும் பின்னால் தள்ளிவைத்துத் துளை போட்டுவிட்டு, பிறகு துளைகளில் மர ஆப்பு அறைந்து, மீண்டும் துளையிட வேண்டி வந்தது.

பிக்கப்பைக் கடையிலேயே வாங்கலாம். நானே கம்பி சுற்றிச் செய்து பார்க்க விரும்பினேன். தையல் இயந்திர மோட்டாரின் தண்டில் கம்பி சுற்றும் பாபினைப் பொருத்தி, தண்டில் ஒரு சிறு காந்தம் ஒட்டி, அருகில், காந்தம் நெருங்கினால் இணைப்பை மூடும் ரீட் சுவிட்ச் ஒன்றை வைத்து, அதன் இரு கம்பிகளையும் சாதாரண கால்குலேட்டரின் சமக்குறி விசைக்குக் கீழே பற்றவைத்தேன். ஒன்று கூட்டல் ஒன்று என்று தொடங்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஒன்று ஏறும். வேகம் கூடினால் கால்குலேட்டர் எண்ணத் தவறும் என்பதால் மெதுவாகவே ஓட்ட வேண்டும்.

இங்கே நான் விழுந்த குழியை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தியாவில் முயல்பவர்கள் அத்தனை பேரும் இதே இடத்தில் விழ வாய்ப்புண்டு. பிக்கப்பைப் பற்றிய அமெரிக்கக் குறிப்புகள் அனைத்தும் 42 கேஜ் எனாமல் கம்பி என்கின்றன. நம் மோட்டார் வைண்டிங் கடையில் 42 கேஜ் கேட்டேன், கொடுத்தார்கள். மூவாயிரம் சுற்றிலேயே பாபின் நிரம்பி வழிந்தது. சுற்ற வேண்டியதோ எட்டாயிரம். மைக்ரோமீட்டரில் அளந்தபோதுதான் புரிந்தது: நம் கடைகளில் வழங்குவது பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவு, அதில் 42 என்பது 0.10 மி.மீ.; அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. அளவில் 42 என்பது 0.063 மி.மீ. நமக்குத் தேவையானதற்கு இங்கே மிக நெருங்கிய பெயர் 46 கேஜ். கேஜ் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேட்பதே நல்லது. சரியான கம்பியில் எட்டாயிரம் சுற்று என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம். மல்ட்டிமீட்டரில் ஆறு கிலோ ஓம் அளவு காட்டும். தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பியை இரு விரலுக்கு இடையே ஃபெல்ட் துணி வைத்து விடும்போது, இழுவை கூடினால் அறும், குறைந்தால் சுருள் தளர்ந்து ஒலியில் கீச்சிடும். விரல்தான் அந்த நடுவைக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு ஐந்து பாபின்கள் பிடித்தன.

ஒற்றைச் சுருள் பிக்கப் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். 1955இல் கிப்சனின் சேத் லவர், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரு சுருள்களை எதிரெதிர்க் காந்தமுனைகளோடு இணைத்து, இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி ஹம்பக்கரை வடிவமைத்தார். ஒற்றைச் சுருளின் தெளிவை விரும்புகிறவர்கள், உள்குழி முழுவதும் செம்புத் தகட்டு நாடாவை இடைவெளியின்றி ஒட்டி எர்த்தோடு இணைத்தால் இரைச்சலில் ஒரு பகுதி குறையும். வால்யூம் திருகு ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500.

எர்த் என்ற சொல் வந்ததால், இதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. நம் ஊர் மண்டபங்களிலும் வீடுகளிலும் மூன்றாவது பின்னை வெட்டிய பிளக்குகளும், எர்த் இணைப்பே இல்லாத சுவர்ப்பெட்டிகளும் சாதாரணம். அத்தகைய இடத்தில் ஆம்ப்ளிஃபையரில் கசிவு இருந்தால், தந்தியில் விரலை வைத்தபடி மைக்கில் உதடு பட்டவுடன் மின்சாரம் உடல் வழியே பாயும். வாசிக்கும் முன் மைக்குக்கும் தந்திக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைத்து மின்னழுத்தம் பாருங்கள். என்னிடம் கிட்டார் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதை நேரில் செய்து காட்டிய பிறகே பெட்டியை மூடுகிறேன்.

பூச்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மெல்லியதாகவும் பழுதுபார்க்க எளிதாகவும் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் அடித்தால் காற்றின் ஈரம் சிக்கி வெண்மை படரும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியும்வரை சென்னையில் நான் பூச்சுத் துப்பாக்கியை எடுப்பதில்லை, அந்த மாதங்களில் கழுத்து வேலை பார்க்கிறேன். பூசி முடித்து நான்கு வாரம் தொங்கவிட்ட பிறகே பாலிஷ்.

எல்லாம் பொருத்தித் தந்தி ஏற்றிய கிட்டாரை அன்றே கொடுப்பதில்லை. முழுச் சுருதியில் இரண்டு வாரம் நிற்க வைக்கிறேன். அப்போதுதான் கழுத்து 45 கிலோவுக்குப் பழகும். பிறகு ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாம் மெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் இடையே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்கிறேன்; 0.2 மி.மீ. இருக்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரம் மெல்லிய பக்கம் 1.6, தடித்த பக்கம் 2 மி.மீ. கிட்டாரோடு ட்ரஸ் ராடைத் திருப்பும் ஆலன் கீ ஒன்றையும் கொடுத்து, வாங்கியவர் கையாலேயே ஒரு முறை திருப்பச் சொல்கிறேன். பயம் தெளிய வேண்டும். பருவம் மாறும்போது தந்தி தாழ்ந்து மெட்டில் உரசினால் இடப்பக்கமும், மேலெழும்பிக் கடினமானால் வலப்பக்கமும், ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். திருப்பியவுடன் மீண்டும் திருப்பக் கூடாது. சுருதி சேர்த்து, இரவு முழுவதும் சுவரில் மாட்டிவிட்டு, மறுநாள் காலையில் ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். மரம் அதற்குள் தன் பதிலைச் சொல்லியிருக்கும்.